எழுபத்தைந்து கிலோ ஆள்

மாதம் ஒருமுறை வெளிவரும் அந்தக் கார் இதழின் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாயிண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் புள்ளி வைத்தே பதில் சொல்வார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். லிஃப்ட் எப்போது வரும் என்று பேச்சுக்குக் கேட்டால்கூட, "கீழேயிருந்துன்னா பதினொண்ணு பாயிண்ட் நாலு செகண்ட்" என்பார். சொன்னதோடு விடமாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். அந்த லிஃப்டும் அவர் மானத்தைக் காப்பாற்ற, சொன்ன நேரத்துக்கு வந்து தொலைக்கும்.

ஸ்போர்ட்ஸ் கார்களைச் சோதிப்பது அவர் வேலை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை செகண்ட் ஆகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறார். இதழின் கடைசிப் பக்கத்தில் வேகப் பட்டியல் என்று ஒன்று வரும். வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு எண் தப்பாக இருந்தால் தனக்குச் சோறு இறங்காது என்று அவரே சொல்வார். சோறு இறங்கவில்லை என்று சொல்லும்படியாக அவர் உடம்பு இல்லை என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

வியாழக்கிழமை காலையில், விமானங்கள் கைவிட்டுப்போன ஒரு பழைய ஓடுதளத்தில் சோதனை நடக்கும். முதலில் காரைக் காலி செய்வார். கால்மிதிகள், ஸ்டெப்னி, ஜாக்கி, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கையேடு எல்லாம் வெளியே வந்துவிடும். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அப்புறம் தன்னையே காலி செய்துகொள்வார். செருப்பு, பெல்ட், கைக்கடிகாரம், பர்ஸ். ஒருமுறை மூக்குக்கண்ணாடியையும் கழற்றப் போனார். ஓடுதளம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டாமா என்று ஆசிரியர் ஓடிவந்து தடுத்தார்.

போகும்போது ஒரு ஓட்டம், திரும்பி வரும்போது ஒரு ஓட்டம், இரண்டுக்கும் சராசரி. காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நேரம் அளக்கும் கருவி காட்டுவதைக் குறித்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஊரே வாயைப் பிளந்து பார்க்கும் காரை ஓட்டிவிட்டு வந்தவரிடம், எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "மூணு பாயிண்ட் ஒன்பது அஞ்சு" என்பார். அவ்வளவுதான் மனுஷர்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடை. அவர் வேலையில் சேர்ந்த முதல் மாதம், சிவப்பு நிறத்தில் ஒரு கார் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, "நானும் ஒரு தடவை வரட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டாள். "உன் எடை என்ன?" என்றார் இவர். ஐம்பத்தெட்டு என்றாள். "அப்ப பாயிண்ட் ஒண்ணு அஞ்சு செகண்ட் போயிடுமே" என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவேயில்லை. அவள் புரிந்துகொண்டாள் என்று நினைத்து இவர் நிம்மதியாக இருந்துவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு கம்பெனிக்காரர் வந்து கல்லைப் போட்டார். கார் கம்பெனியின் ஆள். கசங்காத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, சண்டைக்கு வந்தவர் போலவே தெரியாமல் பேசினார்.

"எங்க இன்ஜினியருங்க மூணு பாயிண்ட் ஒன்பது பூஜ்ஜியம்னு சொல்றாங்க சார். நீங்க ஒன்பது அஞ்சுன்னு போட்டிருக்கீங்க. இதனால பட்டியல்ல மூணாவது இடத்துல வர வேண்டிய கார் அஞ்சாவதா நிக்குது."

"இன்ஜினியருங்க என்ன வேணா சொல்லலாம். கருவி சொல்லணுமே," என்றார் பாயிண்ட்.

"எதிர்க்காத்து?"

"அளந்தாச்சு."

"டயர்ல காத்து?"

"மூணு தடவை பார்த்தேன்."

"ஓட்டினவர் எடை?"

"எழுபத்தஞ்சு கிலோ. அதானே விதி. படிவத்திலேயே இருக்கு பாருங்க."

கம்பெனிக்காரர் படிவத்தைப் பார்த்தார். அப்புறம் பாயிண்டின் சட்டையைப் பார்த்தார். அதில் நாலாவது பொத்தான் தன் சக்திக்கு மீறி உழைத்துக்கொண்டிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்," என்றார் மெதுவாக. "இந்தப் படிவத்தை எப்ப நிரப்பினீங்க?"

பாயிண்டின் முகத்தில் ஈயாடவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று நிரப்பிய படிவம் அது. அன்றைக்கு எடை சரியாக எழுபத்தைந்துதான். பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் காற்றை அளந்தார், வெயிலை அளந்தார், பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக அளந்தார். படிவத்தில் ஓட்டுநர் எடை என்ற கட்டத்தை மட்டும் பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் நேராக மனைவியின் மருந்துக்கடைக்குப் போய், அங்கே இருக்கும் எடை பார்க்கும் மெஷினில் செருப்பில்லாமல் ஏறினார். தொண்ணூற்றிரண்டு காட்டியது. இறங்கி மறுபடி ஏறினார். அதேதான்.

"உன் மெஷின் சரியில்ல," என்றார்.

"எங்க கடைக்கு வர்ற எல்லாரும் அதையேதான் சொல்றாங்க," என்றாள் மனைவி, மருந்துச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் விடவில்லை. எதிர்க்கடையில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் மூன்று வாங்கி வந்தார். தண்ணீர் பதினைந்து கிலோ, காலிக் கேன் ஒன்று இருநூறு கிராம், ஆக மொத்தம் பதினைந்து பாயிண்ட் ஆறு வர வேண்டும். மூன்றையும் மெஷின் மேல் அடுக்கிவிட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பதினைந்து பாயிண்ட் ஆறு என்று மெஷின் நாணயமாகச் சொன்னது. மருந்து வாங்க நின்றவர்கள் எல்லாரும் இருமுவதை நிறுத்திவிட்டு இந்த வேடிக்கையைப் பார்த்தார்கள்.

அவர் கேன்களின் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நூத்தி முப்பத்தெட்டு கார்," என்றார். "எல்லாமே தப்பு. நான் ஏறி உக்காந்ததுதான் தப்பு."

மனைவி கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு வந்தாள்.

"இங்க நான் ஒரு புள்ளியைத் தப்பாப் படிச்சா ஆள் போயிடுவாங்க," என்றாள். "உங்க புள்ளி தப்பானா என்ன ஆகும்?"

யோசித்தார். "அஞ்சாவதா இருக்கற கார் மூணாவது இடத்துக்கு வரும்."

"அதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க?"

அவள் கேட்டது நியாயந்தான். ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தான் யாருக்கும் சளைத்தவன் இல்லை என்று நம்பியிருந்தவருக்கு அந்த நியாயம் உடனே உள்ளே இறங்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. மூன்று கேன்களையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆசிரியரிடம் தானே போய் உண்மையைச் சொன்னார். அந்த மட்டும் நல்ல மனுஷர், மூடி மறைக்கத் தெரியாது. ஆசிரியர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் அம்மாவைக் கூப்பிட்டார். நன்றாகக் கார் ஓட்டுவார், எடை நாற்பத்தொன்பது. எழுபத்தைந்துக்கு இன்னும் இருபத்தாறு கிலோ வேண்டும். கிடங்கில் கிடந்த பழைய இதழ்களைக் கட்டி, எடை போட்டு, அதே காரின் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்தார்கள். பாயிண்ட் எழுதிய பன்னிரண்டு வருஷத்து எண்களெல்லாம் கடைசியில் எடைக்கல்லாக உட்கார்ந்து போயின. அந்த அம்மா ஓடுதளத்தில் ஓட்டியதில் மூன்று பாயிண்ட் ஒன்பது பூஜ்ஜியம் வந்தது. ஓரமாக நின்று பார்த்த பாயிண்ட் அதைத் தன் கையாலேயே படிவத்தில் எழுதினார்.

"இனிமே அளக்கறதை அவங்க பாத்துக்கட்டும்," என்றார் ஆசிரியர். "நீங்க 'ஓட்டிப் பார்த்தால்' பகுதியை எழுதுங்க."

ஒரு காரை ஓட்டினால் மனதுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லும் பகுதி அது. அதுவரை ஆசிரியரே எழுதிக்கொண்டிருந்தார். மாதம் ஒரு காரை ஒரு மிருகமாக்குவது அவர் வழக்கம். சிறுத்தை, குதிரை, கழுகு என்று எழுதிக்கொண்டே போய், காட்டில் சரக்கு தீர்ந்துவிட, போன மாதம் ஒரு காரை நீர்யானை என்று எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதனால் அந்தப் பகுதியை யார் தலையிலாவது கட்டக் காத்திருந்தார்.

"திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் மேஜைக்கு வந்துடணும். ரெண்டு பக்கம். வரலைன்னா உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட வேற வேலை இல்ல, பாயிண்ட். மனசுல வச்சுக்குங்க," என்றார். குரலில் கோபம் இல்லாததால் அது இன்னும் பயமாக இருந்தது.

கொடுத்த காரோ அதே வெள்ளைச் சட்டைக்காரர் கம்பெனியின் கடைக்குட்டி. இரண்டே பேர் உட்காரலாம். துணிக்கூரை, மடக்கிவிடலாம். நூறைத் தொட எட்டு பாயிண்ட் ஒன்பது செகண்ட் என்று கம்பெனியே ஒத்துக்கொண்டிருந்தது. எட்டு பாயிண்ட் ஒன்பது என்றால், அதற்குள் பாயிண்டின் பழைய கார்கள் நூறைத் தொட்டு, நின்று, மறுபடியும் கிளம்பியிருக்கும். இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்வது தன்னை வெளியேற்ற ஆசிரியர் போட்ட திட்டம் என்றே அவருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை காரை ஓடுதளத்தில் இரண்டு தடவை ஓட்டிவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். 'ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டு பாயிண்ட் ஆறு சுற்று. இருக்கையின் உயரம் தரையிலிருந்து முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அகலம் ஐம்பத்தொன்று.' ஆசிரியருக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"என்ன பாயிண்ட், அலமாரி விக்கறீங்களா?"

மறுபடி எழுதினார். இந்தத் தடவை ஆசிரியரைப் பார்த்து ஒரு மிருகத்தைச் சேர்த்துக்கொண்டார். 'இந்தக் கார் ஆயிரத்து இருபது கிலோ எடையுள்ள முயல்.' அனுப்பவில்லை. அவருக்கே அசிங்கமாக இருந்தது.

மதியம் சாப்பிட வந்த மனைவி, காகிதங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஓட்டினப்ப எப்படி இருந்துச்சு?"

"எட்டு பாயிண்ட் ஒன்பது."

"நான் கேட்டது அது இல்லீங்க."

"எனக்கு அது மட்டுந்தான் தெரியுது," என்றார். "திங்கட்கிழமைக்கு மேல வேலை இருக்காது போல."

அவள் காகிதங்களை மேஜையில் வைத்தாள். "நாளைக்குக் கடை லீவு. நானும் வரேன்."

அவர் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். "உன் எடை..."

"அறுபத்தெட்டு. எழுதிக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கைப்பை, தண்ணீர் பாட்டில், குடை, முதுகுக்கு ஒரு தலையணை சகிதம் வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு பொருள் உள்ளே போகும்போதும் பாயிண்டின் நெஞ்சு அடித்துக்கொண்டது. "கால் வைக்க ஒண்ணுமே இல்லியே" என்றாள், கால்மிதி திரும்பி வந்தது. "பஞ்சரானா என்ன பண்றது?" என்றாள், ஸ்டெப்னியும் ஜாக்கியும் திரும்பி வந்தன. பெட்ரோல் பங்கில் "ஃபுல் பண்ணுங்க" என்று அவளே சொல்லிவிட்டாள். இத்தனையும் ஏறிய பிறகு அந்தக் காருக்கு நூறைத் தொட ஒன்பதரை செகண்டாவது ஆகும் என்று மனக்கணக்குப் போட்டு, கணக்கை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மென்று விழுங்கினார்.

முதல் சிக்னலில் பச்சை விழுந்ததும், கௌரவத்துக்காகக் காலை அழுத்தி மிதித்தார். கார் ஊரைக் கூட்டுகிற மாதிரி சத்தம் போட்டது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் அவர்களை நிதானமாகத் தாண்டிப் போனார். பின்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

நீர்த்தேக்கத்துக்குப் போகும் மலைப்பாதையை மனைவிதான் காட்டினாள். முதல் வளைவு வந்ததும் பாயிண்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள், பன்னிரண்டு வருஷமாக அவர் வேகமாக ஓட்டியதெல்லாம் நேர்கோட்டில். ஓடுதளத்தில் வளைவு ஏது? பிரேக்கை மிதித்துக் காரைக் கிட்டத்தட்ட நிறுத்தியேவிட்டார்.

"ஏன் நிறுத்தறீங்க?"

"வளைவு."

"ரோடுன்னா வளையத்தாங்க செய்யும். திருப்புங்க."

திருப்பினார். கார் மறுபேச்சுப் பேசாமல் திரும்பியது. இரண்டாவது வளைவில் கியரைக் குறைத்தார். குச்சி கையில் 'டக்' என்று உட்கார்ந்தது, அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது. மூன்றாவதில் தேவையில்லாமலே இன்னொரு முறை கியர் மாற்றினார். ஏழெட்டு வளைவு தாண்டியதும், அடுத்தது எப்போது வரும் என்று கண் தேட ஆரம்பித்துவிட்டது. நேராக ஒரு துண்டு ரோடு வந்தால் எரிச்சலாக வந்தது. கைப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் மனைவி கதவோடு ஒட்டிக்கொண்டாள், மறு வளைவில் அவர் தோளோடு இடித்துக்கொண்டாள். அவள் சிரித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தார். தானும் சிரித்துக்கொண்டிருப்பதை அதற்கும் பிறகுதான் கவனித்தார். முள் அறுபதைத் தாண்டவேயில்லை.

உச்சியில், தண்ணீர் தெரியும் இடத்தில், அவள் பெல்ட்டைக் கழற்றினாள்.

"இறங்குங்க. இப்ப என் முறை."

அவர் இறங்கிச் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் அவர் வெறும் பாரம். தொண்ணூற்றிரண்டு கிலோ. அவளோ வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, நடுவில் ஒரே பிடியாகப் பிடித்து, முடியும் இடத்தில் மெல்ல மிதித்து வெளியே வந்தாள். அவர் ஓட்டியதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"வாரத்துல மூணு நாள் இந்த மலை மேல இருக்கற ஆஸ்பத்திரிக்கு மருந்து வேனை ஓட்டிட்டுப் போறது யாருன்னு நினைச்சீங்க?"

அவர் யாரையும் நினைத்ததில்லை. வேன் போகிறது, வருகிறது என்று மட்டும் தெரியும்.

"முன்ன ஒரு தடவை நானும் வரட்டுமான்னு கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"இருக்கு. ஐம்பத்தெட்டுன்னு சொன்ன."

"நம்பரை மட்டும் ஞாபகம் வச்சிருக்கீங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். எடுத்தது கருவியில் நேரம் பார்த்துக் குறிக்கத்தான். கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், ஊரெல்லாம் அவரைக் கேட்கும் கேள்வியை அவர் அவளைக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

அவள் இரண்டு வளைவுக்கு யோசித்தாள். "முன் சக்கரம் ரெண்டும் என் உள்ளங்கையில இருக்கற மாதிரி இருக்கு. ரோடு எங்க ஈரமா இருக்குன்னு விரலுக்கு முதல்ல தெரியுது, கண்ணுக்கு அப்புறந்தான் தெரியுது. சத்தம் பெருசா போடுது, ஆனா பயமுறுத்தல. இன்னும் கொஞ்சம் தூரம் போலாம்னு தோணுது."

அவர் ஒரு எழுத்து விடாமல் எழுதினார். வளைவுகளில் பேனா கோணல் மாணலாக இழுத்தது. அடித்துத் திருத்தவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பக்கம் ஆசிரியரின் மேஜைக்குப் போய்விட்டது. ஆசிரியர் படித்தார். முதல் பக்கத்தை முடித்துவிட்டு, எங்காவது மிருகம் இருக்கிறதா என்று ஒருமுறை மேலிருந்து தேடிப் பார்த்தார். இரண்டாவது பக்கத்தின் அடியில் வழக்கமான கட்டம் இருந்தது. 'காரில் இருந்த எடை: ஆண் 92, பெண் 68, கைப்பை 3.2, குடை, தலையணை. நூறைத் தொட ஆன நேரம்: பார்க்கவில்லை.'

"பார்க்கவில்லைன்னா?"

"பார்க்கலீங்க. மறந்துட்டேன்."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "இது நீங்க எழுதினதா?"

"எழுதினது நான். ஓட்டினது பாதி என் வீட்டுக்காரி."

"அடுத்த மாசமும் அவங்க வருவாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன். கடை லீவா இருக்கணும்."

ஆசிரியர் பக்கங்களை லேஅவுட் அம்மாவிடம் நீட்டினார். "ரெண்டு பக்கம் முழுசா விடுங்க. அந்தக் கட்டத்துல கை வைக்காதீங்க."

பாயிண்ட் மூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டைக் கம்பெனிக்காரர் உள்ளே வந்தார். காரைத் திரும்ப எடுத்துப் போக வந்திருந்தார், பத்து மணிக்கு என்று பேச்சு.

"கார் எங்க சார்? கீழ காணோமே."

"என்னை இறக்கி விட்டுட்டு, ஒரு சுத்து போயிட்டு வரேன்னு என் வீட்டுக்காரி எடுத்துட்டுப் போனா."

"எப்ப வருவாங்க?"

அறையில் இருந்த மூன்று பேரும் பாயிண்டைப் பார்த்தார்கள். லிஃப்டுக்கே புள்ளி வைத்து நேரம் சொல்பவர் ஆயிற்றே. லேஅவுட் அம்மா சுவர்க் கடிகாரத்தையே திரும்பிப் பார்த்துத் தயாராக நின்றார்.

பாயிண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடையை இன்றைக்குப் பதினொன்றுக்குத்தான் திறப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். மலைப்பாதை, எத்தனை வளைவு, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எல்லாம் அவருக்குத் தெரியும். கணக்குப் போட்டால் வந்துவிடும். அவர் போடவில்லை.

"தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்காரர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.